அக்கா குடித்த ஒரு மடக்கு

ஷிப்யார்டில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு ரத்தம் புதிதல்ல. ஒருமுறை கிரைண்டரின் தட்டு உடைந்து தெறித்து, பக்கத்தில் நின்ற வெல்டரின் முன்கையைக் கிழித்துவிட்டது. முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தவன் நான். கையுறையை மாட்டிக்கொண்டு, துணியை மடித்து வெட்டின் மேல் வைத்து இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தினேன். ரத்தம் விரலிடுக்கில் கதகதப்பாகக் கசிந்தது. அவர் தன் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"பட்டுக்கோட்டைப் பக்கம் சார். கை போயிடுமா சார்?"

"போகாது. கையைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க."

அழுத்திய அழுத்தத்தைத் தளர்த்தாமல் அவர் வீட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கைக்குக் கீழே ஏதோ மாறியது. திறந்த குழாய் போலப் பொங்கியது மெல்ல மெல்ல ஊற்றாகி, கசிவாகி, பிறகு நின்றது. நான் செய்ததெல்லாம் வழியை அடைத்துப் பிடித்தது மட்டுந்தான். மிச்ச வேலையை அவர் உடம்பு தானே செய்துகொண்டது. அன்று லாரிகளும் சங்கிலிகளும் இரைந்துகொண்டிருந்த அந்த இடத்தில் எனக்குக் கோயிலில் நிற்பது போல இருந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம், முதலுதவி என்றால் கைகள் செய்கிற வேலை என்றே நினைத்திருந்தேன். எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டு. சூடு பட்டால் தண்ணீரில் காட்டு. ரத்தம் வந்தால் அழுத்து. பயிற்சி வகுப்பில் ஒருவர் கையை ஒருவர் கட்டிப் பழகினோம், பொம்மையின் நெஞ்சை வியர்க்க வியர்க்க அமுக்கினோம். விஷம் என்ற பாடம் வந்தபோது மட்டும் பழகிப் பார்க்க எதுவும் இல்லை. சொல்லிக்கொடுத்தவர் திரையில் வந்ததை விளக்கினார், நாங்கள் தலையாட்டினோம், சாப்பிடப் போய்விட்டோம்.

அந்தப் பாடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃபேரர் பார்க்கில் என் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தன. சிராங்கூன் ரோட்டில் அலங்கார விளக்குகள் ஏற்றியாகிவிட்டது. கூட்டத்தில் நடக்க முடியவில்லை. என் மனைவிக்கு அன்று வேலை. வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களையெல்லாம் அதட்டியும் சிரிக்க வைத்தும் காலம் கழித்தவள். அத்தான் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். அவளுடைய ஒரே மகள் ஊரின் வடகோடியில், உட்லண்ட்ஸில் தனி வீட்டில் இருக்கிறாள். தீபாவளி என்றால் அக்கா வீட்டைக் கழுவுவாள். ஜன்னல் கம்பி, மின்விசிறி, அலமாரியின் முதுகு எதையும் விடமாட்டாள்.

அன்று காலையில் எங்கள் சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுக்க, கடையில் விற்கும், தோலையே அரித்துவிடக்கூடிய அடைப்பு நீக்கித் திரவம் ஒன்றை ஊற்றினாள். அடைப்பு போய்விட்டது. அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மகள் வீட்டுத் தொட்டியிலும் தண்ணீர் நிற்கிறதே என்ற ஞாபகம் வந்து, மிச்சத்தில் கொஞ்சத்தைக் காலியான மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி, சாயங்காலம் உட்லண்ட்ஸுக்கு எடுத்துப்போக மேடையில் வைத்தாள். பக்கத்திலேயே அவள் குடிக்கும் தண்ணீர் பாட்டிலும் இருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நீல மூடி. மின்விசிறி துடைத்த களைப்போடு சமையலறைக்குள் வந்து, கையில் அகப்பட்டதைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டாள்.

நான் கூடத்தில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். பாட்டில் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவிடமிருந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம்.

ஓடிப் போனேன். மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. நைட்டியின் முன்பக்கம் தொடைவரை நனைந்திருந்தது. கண்கள் அகல விரிந்து என்னைத் தேடின.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

பாட்டிலைக் காட்டினாள். தொட்டியைக் காட்டினாள். புரிந்துவிட்டது.

அந்தக் கணத்தில் என் கைகள் இரண்டும் தாமாக முன்னே நீண்டன. எதையாவது அழுத்த வேண்டும், கட்ட வேண்டும், பிடிக்க வேண்டும். ஆனால் எதை? ரத்தம் இல்லை. வெட்டு இல்லை. உதடு மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. காயம் இருந்த இடம் என் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத உள்ளே இருந்தது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அக்கா தன் விரலைத் தொண்டைக்குள் விட வாயைத் திறந்தாள். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம்க்கா! வாந்தி எடுக்கக் கூடாது!"

அவள் திமிறினாள். அக்காவுக்கு நல்ல பலம். உள்ளே நெருப்பு இருக்கிறது, அதை வெளியே தள்ள வேண்டும் என்று உடம்பு கதறும்போது தம்பி கையைப் பிடித்து வைத்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அவள் பார்த்த பார்வையில் அந்தக் கோபம் இருந்தது. நான் விடவில்லை. ஒரு கையால் அவளைப் பிடித்தபடி, மறு கையால் ஆம்புலன்ஸுக்கு அழைத்து, போனை ஒலிபெருக்கியில் போட்டு மேடையில் வைத்தேன்.

எடுத்தது ஒரு இளம் பெண்ணின் குரல். ஆங்கிலத்தில்தான் பேசினாள். முகவரியைக் கேட்டுக்கொண்டு, வண்டி புறப்பட்டுவிட்டது என்றாள். பிறகு கேள்விகள். என்ன குடித்தார்? எவ்வளவு? எப்போது? நினைவு இருக்கிறதா, மூச்சு விடச் சிரமப்படுகிறாரா, வாந்தி எடுத்தாரா? அந்தத் திரவம் முதலில் இருந்த டப்பா கையில் இருக்கிறதா? தொட்டியின் கீழே அலமாரியைத் திறந்தேன், டப்பா அங்கேயே இருந்தது. பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். காரவகை, அதாவது ஆல்கலி, என்று அவள் புரிந்துகொண்ட இடத்தில் ஒரு நொடி நிறுத்தினாள். குரலில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

வாந்தி எடுக்க வைக்க வேண்டாம் என்றாள். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் சொன்னாள், ஆனால் விழுங்கக் கூடாது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்க்கும்வரை குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்க வேண்டாம். நிமிர்ந்து உட்காரட்டும். டப்பாவையும் பாட்டிலையும் கழுவாமல் அப்படியே எடுத்து வையுங்கள்.

"உடம்பில் எங்காவது பட்டிருக்கிறதா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் நனைந்த நைட்டி ஞாபகத்துக்கு வந்தது. சொன்னேன். அதற்கு அவள் சொன்னது, தொண்டைக்குச் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது. உடையைக் கழற்றிவிட்டுத் தோலில் ஓடும் தண்ணீரை விடுங்கள், நிறுத்தாமல் விடுங்கள், உங்கள் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா வாசலில் வந்து நின்றார். நிலைமையைப் பார்த்ததும் தன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பால் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். "சூசு, சூசு! கொடு, வயித்துக்கு நல்லது!" என்று தனக்குத் தெரிந்த தமிழையும் மலாயையும் கலந்து சொன்னார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டி, போனைக் காட்டினேன். அவர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அக்காவைத் தோளோடு அணைத்துக் குளியலறைக்குக் கூட்டிப் போனார். நைட்டியைக் கழற்றி, துண்டைச் சுற்றி, நாற்காலியில் உட்காரவைத்து, ஷவரைத் தொடையில் திருப்பினார். அவர் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தன.

நான் போனோடு கதவருகே நின்றேன். உள்ளே தண்ணீர் கொட்டுகிறது. அக்கா அதைப் பார்க்கிறாள். கையைக் குவித்துக் காட்டுகிறாள்: ஒரு வாய், ஒரே ஒரு வாய்.

"கொப்பளிச்சுத் துப்பிடுக்கா. முழுங்கிடாத. எனக்காகக்கா."

கொப்பளித்தாள். துப்பினாள். விழுங்கவில்லை. அழுதாள்.

ஒரே திரவம், ஒரே உடம்பு. தொடைக்கு வாளி வாளியாகத் தண்ணீர் வேண்டும். அதே தண்ணீரைத் தொண்டைக்குள் ஒரு மடக்குகூட விடக் கூடாது. தோலுக்குச் செய்யும் உதவியும் தொண்டைக்குச் செய்யும் உதவியும் ஒரு குளியலறைக்குள் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. பயத்தின் நடுவிலும் அதை நினைத்து ஒரு விநாடி அசந்துபோனேன்.

அதற்குள் அக்கா மகளிடமிருந்து என் கைப்பேசிக்கு அழைப்பு மேல் அழைப்பாக வந்தது. எப்போது வருகிறாய் என்று கேட்க அம்மாவை அழைத்து, அவள் எடுக்காததால் என்னை அழைத்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் பேச்சைத் துண்டிக்க மனமில்லாமல், வீட்டுப் போனிலிருந்து அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா! வாட்! அம்மா ஓகேவா? வினிகர் இருக்கா வீட்டுல? லைம் ஜூஸ்? அது ஆல்கலி மாமா, ஆசிட் குடுத்தா நியூட்ரலைஸ் ஆயிடும்லா!"

போனில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "வேண்டவே வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

"வேணாங்கிறாங்கம்மா."

"அப்ப சும்மா பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்களா?" என்று கத்தினாள். உடனே, "சாரி மாமா, நான் கிளம்பிட்டேன்" என்று அழுதாள்.

சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படிப் பார்ப்பது அவ்வளவு பெரிய வேலை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். உதட்டின் நிறத்தைப் பார்த்தேன். மூச்சில் விசில் போன்ற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தேன். கேட்டதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன்; அவள் அடுத்ததைக் கேட்டாள். எங்கேயோ ஓர் அறையில், தலையில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அக்கா முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் இருந்த எல்லாரையும் அவள்தான் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். வாசலில் ஆம்புலன்ஸ்காரர்களின் காலடிச் சத்தம் கேட்டதும், "அவர்கள் வந்துவிட்டார்களா? இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நன்றி சொல்லக்கூட நேரம் இல்லை. அவள் பேர் என்ன என்றும் தெரியாது.

வந்தவர்களும் முதலில் கேட்டது அதே கேள்விகள்தான். என்ன, எவ்வளவு, எப்போது. டப்பாவையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். வண்டி கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு போனது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் கையைக் குவித்துக் குவித்துத் தண்ணீர் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையாட்டினேன். ஷிப்யார்டில் நான் எத்தனையோ பேருக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்து உதவியிருக்கிறேன். கேட்பதைக் கொடுக்காமல் இருப்பதும் உதவி என்பது அன்றுதான் தெரிந்தது. அதற்கு நெஞ்சு கல்லாக இருக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் அவளை மயக்கி, தொண்டை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்த்தார்கள். நானும் என் மனைவியும் அக்கா மகளும் வெளியே காத்திருந்தோம். அவள் தலையை என் மனைவியின் மடியில் கவிழ்த்துக்கொண்டு, "என் சிங்க்குக்காகத்தானே அத்தை, என் சிங்க்குக்காகத்தானே" என்று முனகிக்கொண்டிருந்தாள். என் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்த டாக்டர் ஓர் இளம் தமிழ்ப்பெண். சுருக்கமாகச் சொன்னார்.

"புண் இருக்கு. ஆனா ஆழமா இல்லை. ஓட்டை எதுவும் விழல. வாந்தி எடுத்தாங்களா?"

"இல்லை. எடுக்கப் பார்த்தாங்க, பிடிச்சுக்கிட்டேன்."

"நல்லவேளை. ஒரு தடவை எரிச்சுக்கிட்டே கீழ போனது, திரும்ப அதே வழியில எரிச்சுக்கிட்டே மேல வந்திருக்கும். மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா இன்னும் மோசம்."

அக்கா மகள் தலையைத் தூக்கினாள். "டாக்டர், வினிகர் குடுத்திருந்தா?"

"டப்பாவுக்குள்ள ரெண்டையும் கலந்து பாத்தா சூடாகும். அது அவங்க வயித்துக்குள்ள நடந்திருக்கும்" என்றார் டாக்டர். குரலில் கண்டிப்பு இல்லை. "எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். ஸ்கூல்ல அப்படித்தானே படிச்சோம்."

அடுத்த நாள் அக்கா விழித்து உட்கார்ந்திருந்தாள். கையில் டிரிப். வாய் வழியாக எதுவும் கிடையாது. பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் வலித்ததால் பேசவில்லை. என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். நான் பிடித்த இடத்தில் என் விரல்கள் நாலும் நீலமாகப் பதிந்திருந்தன. அவ்வளவு பெரிய ஆபத்து வெளியே விட்ட தடயம் தொடையில் ஒரு சிவப்புத் திட்டும் உதட்டில் ஒரு கொப்புளமும்தான். கண்ணுக்குத் தெரிந்த பெரிய காயம் முதலுதவி செய்தவன் செய்தது. அக்கா அதைக் காட்டிக் காட்டி, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் சுற்றி வரும்போது கேமரா எடுத்த படங்களைக் கணினியில் காட்டினார். "பாக்கணுமா ஆன்ட்டி? சிலபேருக்குப் பிடிக்காது."

அக்கா முன்னால் சாய்ந்தாள். முதல் படம் ஈரமாக மின்னும் ஒரு சுரங்கம். ரோஜா நிறம், அதற்குள் மெல்லிய நரம்புகள், மடிப்பு மடிப்பாக உள்ளே போகும் பாதை. அடுத்ததில் அங்கங்கே வெள்ளையாகத் தோல் வெந்த திட்டுகள். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவில் அந்த ரோஜா நிறம் அப்படியே இருந்தது.

அக்கா தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு கரகரத்த குரலில் முதல் தடவையாகப் பேசினாள். "இதுவா நான்?"

"இதுதான் நீங்க" என்றார் டாக்டர். "இந்த வெள்ளை உரிஞ்சு போயிடும். கீழ புதுசு வளரும். நாங்க மருந்து குடுக்கிறோம், கவனமாப் பாத்துக்கிறோம். வளர்றதெல்லாம் அதுதான் செய்யுது."

அறுபது வருஷத்துக்கு மேல் சோறும் குழம்பும் சுடச்சுடக் காப்பியும் அந்த வழியாகப் போயிருக்கின்றன. எங்கள் அம்மா ஊட்டிய முதல் பால் அந்த வழியாகப் போயிருக்கிறது. ஒரு தடவைகூட அந்தப் பாதையை நாங்கள் நினைத்ததில்லை. படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு மனுஷிக்குள் இவ்வளவு அழகான, இவ்வளவு மெல்லிய இடம் இருக்கிறது, அதன் மேல் அப்படி ஒன்றை ஊற்றிய பிறகும் அது பிழைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

சில நாள் கழித்து முதன்முதலாகத் தண்ணீர் கொடுத்தார்கள். சின்னக் கரண்டியில். தாதி கரண்டியை நீட்டும்போது நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம், யாரும் சொல்லாமலே. அக்கா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். முகம் கோணியது. பிறகு கண்ணைத் திறந்து, "இன்னொன்னு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபின் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, தயிர். மருத்துவமனையிலிருந்து வந்த கையோடு என் மனைவி துப்புரவுத் திரவங்களையெல்லாம் அவற்றின் சொந்த டப்பாக்களிலேயே மேல் அலமாரியில் ஏற்றிவிட்டாள். எதிர்வீட்டு அம்மா தினமும் வந்து எட்டிப் பார்த்தார். உட்லண்ட்ஸ் தொட்டிக்குக் குழாய்க்காரர் ஒருவர் வந்து ஒரு கம்பியை விட்டு அடைப்பை எடுத்துவிட்டுப் போனார். தீபாவளி அன்று அக்கா முறுக்கைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள். கொஞ்சம் பாயசம் மட்டும் ஆறவைத்துக் குடித்தாள்.

இந்த மாதிரிப் புண் ஆறும்போது தழும்பு இறுகி, தொண்டைப் பாதையே குறுகிவிடலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அதனால் சில வாரங்கள் கழித்து ஒரு சோதனை. வெள்ளையாகக் கெட்டியான திரவம் ஒன்றைக் குடிக்கவைத்து, அது இறங்குவதை எக்ஸ்ரேயில் படம் பிடிப்பார்கள். அன்று அக்கா காலையிலிருந்தே சண்டைக்காரி போல இருந்தாள். பயந்தால் அவள் அப்படித்தான் இருப்பாள்.

முடிந்ததும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு அந்தப் படத்தை ஓடவிட்டார். சாம்பல் நிறத்தில் அக்காவின் தாடை எலும்பு, கழுத்தெலும்பு, விலா. குடித்த வெள்ளைத் திரவம் எக்ஸ்ரேயில் வாய்க்குள் ஒரு கரிய உருண்டையாகத் தெரிந்தது. விழுங்கினாள். உருண்டை நீண்டு, நாடாவாகி, எங்கும் தயங்காமல், ஒரே சீராக இறங்கி வயிற்றுக்குள் போய்ப் பரவியது. அவ்வளவுதான், ஒரு சில நொடி.

"இன்னொரு தடவை போடுங்களேன் டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்துக்கொண்டே போட்டார். மறுபடியும் இறங்கியது. அக்கா மேஜை விளிம்பைப் பிடித்தபடி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அது இறங்க இறங்க, அவளுடைய நிஜத் தொண்டையும் கூடவே ஒருமுறை விழுங்கியது. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"குறுகல் எதுவும் இல்லை ஆன்ட்டி. எல்லாம் சாப்பிடலாம். ரொம்பச் சூடு மட்டும் கொஞ்ச நாளைக்கு வேணாம்."

வெளியே வந்ததும் பேருந்து ஏறி ஃபேரர் பார்க்கில் இறங்கினோம். அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமல் சாப்பாட்டுக் கடைப் பக்கம் நடந்தாள். பரோட்டா தட்டுகிற சத்தமும் வெங்காயம் வதங்கும் வாசமும் முகத்தில் அடித்தன.

"என்னக்கா, பசிக்குதா?"

"பேசாம வாடா."

ஒரு மேஜையில் உட்கார்ந்து, ஒரு தோசையும் நிறையச் சாம்பாரும் சொன்னாள். வந்ததும் ஓர் ஓரத்தைக் கிள்ளி, சாம்பாரில் நனைத்து, ஆறட்டும் என்று காத்திருந்து வாயில் போட்டாள். மென்றாள். அவள் கழுத்தில் அந்தச் சின்ன அசைவு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். சுற்றிலும் நூறு பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள், பேசிக்கொண்டும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டும்.

"உப்புக் கம்மி" என்றாள் அக்கா, அடுத்த துண்டைக் கிள்ளிக்கொண்டே.